கவசம் பூண்ட காவலர் இருவர்

“விளையாட்டு வினையாகும்” என்பது நம் வீடுகளில் நாள்தோறும் ஒலிக்கும் பழமொழி. தம்பி கைப்பேசியைக் கையிலெடுத்தால் போதும், பாட்டி இதைச் சொல்லிவிடுவார். நாம் எடுத்தாலோ, “பெண் பிள்ளைக்கு இது எதற்கு?” என்ற கேள்வியும் சேர்ந்து வரும். விந்தை உயிரினங்களைத் தேடிப் பிடித்து, வளர்த்து, மோதவிடும் “போக்கிமான்” என்னும் ஜப்பானிய விளையாட்டு அவ்வாறு வசை வாங்கும் விளையாட்டுகளுள் ஒன்று. அதனை வெறுப்போர் முழுவதுமாக வெறுக்கின்றனர். விரும்புவோர் ஊண் உறக்கம் மறந்து விரும்புகின்றனர். மேல்நிலை வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்விரு சாராருக்கும் நடுவே நின்று ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகிறோம். அவ்விளையாட்டில் வரும் ஒரு கவச விலங்கை எடுத்துக்கொண்டு, அதன் வழியாக உளுந்தூர்பேட்டைக்கு மேற்கே நிற்கும் நம் கல்வராயன் மலைக்குச் செல்வதே எங்கள் நோக்கம். விளையாட்டைப் பற்றிய கட்டுரை மலையில் போய் முடிவது ஏன் என்று வியப்போர் சற்றுப் பொறுத்துப் படித்தருள்க!

இரும்பு உடல் கொண்ட அக்ரான்

அவ்விலங்கின் பெயர் அக்ரான். ஜப்பானில் அதற்குப் பெயர் போஸ்கோடோரா. 2002ஆம் ஆண்டு நவம்பரில் ஜப்பானில் வெளிவந்த “ரூபி”, “சஃபையர்” என்னும் இரு விளையாட்டுகளில் அது முதன்முதலாகத் தோன்றியது. போக்கிமான் பட்டியலில் அதன் எண் 306. உயரம் 2.1 மீட்டர், எடை 360 கிலோ. தலையிலே எஃகுக் கொம்புகள், முதுகிலும் தோளிலும் இரும்புத் தகடுகள், பாறையை உடைக்கும் வலிமை! இரும்பைத் தேடி மலையைக் குடைந்து சுரங்கம் அமைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு என்று விளையாட்டின் உயிரினக் குறிப்பேடு கூறுகிறது.

இத்துணைப் பெரிய விலங்கு பிறக்கும்போதே பெரிதாகப் பிறப்பதில்லை. முதலில் அது “அரான்” என்னும் குட்டி. உயரம் வெறும் 40 சென்டிமீட்டர். ஆனால் எடை 60 கிலோ! மலையில் தோண்டியெடுத்த இரும்புத் தாதுவைத் தின்று தன் உடலை உருவாக்கிக்கொள்கிறது. தாது கிடைக்காத வேளையில் பாலத்தையும் இருப்புப்பாதைத் தண்டவாளத்தையும் கடித்துத் தின்று மக்களுக்குத் தொல்லை தருமாம். வளர்ந்து “லைரான்” ஆகும்போது, இரும்புத் தாது எடுக்க வரும் மனிதரோடு அதற்குச் சண்டை மூளுகிறது. இறுதியில் அக்ரான் ஆகி, ஒரு மலை முழுவதையும் தன் எல்லையாக வரித்துக்கொள்கிறது. அம்மலைக்குத் தீங்கு செய்வோர் எவராயினும் விரட்டி அடிக்கிறது.

இதுவரை சொன்னது அதன் வீரம். இனிச் சொல்லப்போவதே எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. மலைச்சரிவாலோ காட்டுத் தீயாலோ தன் மலை பாழானால், அக்ரான் வேறு மலை தேடிப் போவதில்லை. வளமான மேல்மண்ணைச் சுமந்து வந்து கொட்டுகிறது, மரக்கன்றுகளை நடுகிறது, மலையைப் பழையபடி அழகாக்கித் தருகிறது. மண் சுமக்கும் அரக்கன்! மரம் நடும் அரக்கன்! இவ்விளையாட்டைக் கண்ணெடுத்தும் பாராமல் வைகின்ற பெரியோருக்கு இச்செய்தி தெரியுமா? விளையாடிக் களிக்கும் இளையோரிலும் எத்தனை பேர் இக்குறிப்பை நின்று படித்திருப்பர்? மோதலில் எத்தனை புள்ளி என்று பார்த்துவிட்டு விரைவோரே பலர்.

கவசம் மட்டும் போதுமா?

அக்ரானின் கவசத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவ்விளையாட்டில் ஒவ்வோர் உயிருக்கும் ஒரு வகை உண்டு. நெருப்புக்கு நீர் பகை, நீருக்கு மின்சாரம் பகை என்பதுபோல ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றும் உண்டு. அக்ரான் எஃகும் பாறையும் சேர்ந்த வகை. சாதாரணத் தாக்குதல்கள் அதன்மீது பட்டுத் தெறித்து ஓடும். ஆயின் மண் வகைத் தாக்குதலும் மல்வகைத் தாக்குதலும் அதனை நான்கு மடங்கு வருத்தும். மலைக்கே தலைவனான அரக்கன் மண்ணுக்குத் தோற்கிறான்! எந்தக் கவசத்திலும் ஒரு திறப்பு உண்டு என்பதை இவ்விளையாட்டை அமைத்தோர் நன்கு அறிந்திருக்கின்றனர்.

இது நமக்குப் புதிய செய்தியன்று. கூவாகத்து அரவான் கதை தெரிந்த வட்டாரத்துப் பிள்ளைகள் நாம். விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நம் பாட்டிமார். புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கிரீடமும் பூண்டு கட்டை வேடத்தில் கர்ணன் திரைக்குப் பின்னிருந்து வெளிப்படும்போது கூட்டம் நிமிர்ந்து உட்காரும். கவச குண்டலத்தோடு பிறந்தவன் அவன்; எந்த அம்பும் அவனைத் துளைக்காது. அப்படிப்பட்டவனை வென்றது எது? அம்பன்று, யாசகம் கேட்டு நீண்ட ஒரு கை. அந்தணர் வேடத்தில் வந்த இந்திரன் கேட்டான். கர்ணன் தன் உடலோடு ஒட்டிய கவசத்தை அறுத்துக் கொடுத்தான். போருக்கு நின்ற கவசம் கைக்கு நிற்கவில்லை. இதனை நெஞ்சில் நிறுத்திக்கொள்க, மேலே வேண்டியிருக்கிறது.

பூச்சி பிடித்த சிறுவன்

போக்கிமானை உருவாக்கியவர் சதோஷி தாஜிரி என்பவர். 1965இல் பிறந்தவர், தோக்கியோ நகரின் புறத்தேயுள்ள மச்சிதா என்னும் ஊரில் வளர்ந்தவர். அங்கே அந்நாளில் வயலும் குளமும் இருந்தன. சிறுவன் தாஜிரிக்குப் பூச்சி பிடிப்பதில் அளவற்ற ஆசை. நாட்கள் செல்லச் செல்ல நகரம் பெருத்தது, குளங்கள் தூர்ந்தன, வயல்களில் கட்டடங்கள் எழுந்தன, பூச்சிகள் போய்விட்டன. தாம் பெற்ற இன்பத்தை அடுத்த தலைமுறைக் குழந்தைகள் இழந்துவிட்டார்களே என்னும் ஏக்கத்திலிருந்தே இவ்விளையாட்டைப் படைத்ததாக அவர் கூறியிருக்கிறார்.

இன்னொரு செய்தி நம் போன்ற பள்ளி மலர் நடத்துவோருக்கு மகிழ்வூட்டும். பின்னாளில் இவ்விளையாட்டை உருவாக்கிய அவருடைய “கேம் ஃப்ரீக்” நிறுவனம், 1983இல் அவர் தம் கையாலேயே எழுதிப் படியெடுத்து விற்ற ஒரு கையெழுத்துப் பத்திரிகையாகத்தான் தொடங்கியது! 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 27இல் முதல் விளையாட்டுகள் வெளிவந்தபோது அதில் 151 உயிரினங்கள் இருந்தன. இன்று அவ்வெண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

ஆக, இவ்விளையாட்டின் வேரைத் தோண்டினால் அங்கே இருப்பது தூர்ந்துபோன ஒரு குளம். இழந்த பூச்சிகளுக்கு மாற்றாகப் பிறந்தவை இந்த உயிரினங்கள். மாற்றுப் பொருள் நன்றாக இருக்கலாம். ஆனால் அசல் நம் கையில் இன்னும் இருக்கும்போதே மாற்றோடு நிறைவடைந்துவிடுவது அறிவுடைமையாகுமா?

ஒரு கணக்கெடுப்பும் ஒரு கேள்வியும்

2002ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் “சயின்ஸ்” என்னும் புகழ்பெற்ற அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பாம்ஃபோர்டும் அவருடைய தோழர்களும் 4 முதல் 11 வயது வரையுள்ள 109 ஆங்கிலேயக் குழந்தைகளிடம் படச் சீட்டுகளைக் காட்டிப் பெயர் கேட்டனர். சில சீட்டுகளில் அந்நாட்டில் இயல்பாகக் காணும் விலங்கும் செடியும். சில சீட்டுகளில் போக்கிமான்கள். 4 வயதுக் குழந்தைகள் இயற்கை உயிர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அடையாளம் சொன்னார்கள். போக்கிமான்களில் நூற்றுக்கு 7 மட்டுமே. 8 வயதில் நிலை தலைகீழாகிவிட்டது. இயற்கை உயிர்களில் நூற்றுக்கு 53. போக்கிமான்களில் நூற்றுக்கு 78! குழந்தைகளுக்கு உயிரினங்களைப் பற்றி அறியும் ஆற்றல் கடலளவு இருக்கிறது. அவ்வாற்றலுக்குத் தீனி போடுவதில் இயற்கை ஆர்வலரைவிட விளையாட்டுச் செய்வோர் வல்லவராய் இருக்கின்றனர் என்பது அவ்வாய்வாளரின் முடிவு.

இவ்வாய்வைப் படிக்கும் பெரியோர் உடனே, “பார்த்தீர்களா, விளையாட்டுப் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது” என்பர். நாங்கள் அப்படி எண்ணவில்லை. நூறு பெயர்களை மனப்பாடம் செய்யும் தலை, நூற்றொன்றாவது பெயருக்கும் இடம் தரும். அந்தப் பெயரை யார் சொல்லித் தந்தார்கள் என்பதே கேள்வி. குறை பிள்ளைகளுடையதன்று, சொல்லித் தராதவர்களுடையது.

அக்ரானின் எண், எடை, பகை, வலிமை அனைத்தையும் ஒப்பிக்கும் தம்பியிடம், “நம் மலையில் கவசத்தோடு பிறக்கும் விலங்கு எது?” என்று கேளுங்கள். விழிப்பான். நாமும்தான் விழிப்போம்!

நம்முடைய கவச விலங்கு

அதன் பெயர் அழுங்கு. அலங்கு என்றும் எறும்புத்தின்னி என்றும் சொல்வர். நம் கல்வராயன் மலை எந்தத் தொடரில் அடங்குகிறதோ அந்தக் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அது வாழ்கிறது. உலகில் அழுங்கு வகைகள் 8. ஆசியாவில் 4, ஆப்பிரிக்காவில் 4. உடல் முழுவதும் செதில் போர்த்த பாலூட்டி உலகத்தில் இதைத் தவிர வேறில்லை.

அதன் அமைப்பை எண்ணினால் படைத்தவனின் கைவண்ணம் விளங்கும். வாயில் பல் கிடையாது. அதற்குப் பதில், புற்றின் துளைக்குள் நுழைந்து எறும்பையும் கரையானையும் ஒட்டி இழுக்கும் பசையுள்ள நீண்ட நாக்கு. மெல்லும் வேலையை வயிறு செய்துகொள்கிறது. இரையோடு விழுங்கிய சிறு கற்கள் அதற்கு அம்மியாகின்றன. முன்னங்கால் நகங்கள் கடப்பாரை. புற்று எவ்வளவு இறுகியிருந்தாலும் பிளந்துவிடும். கண் பார்வை மந்தம், மோப்பமே வழிகாட்டி. பகலெல்லாம் வளையில் உறங்கி இரவில் உலாவும். பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரே குட்டி. அக்குட்டியைத் தாய் தன் வால்மேல் சுமந்து திரியும். ஆபத்து வந்தால் குட்டியை நடுவில் வைத்துத் தான் சுருண்டுகொள்ளும்.

அதன் பயனோ பெரிது. கரும்புக் கரணையை நட்டுவிட்டு, அதைக் கரையான் அரித்துவிட்டதே என்று தலையில் கைவைக்கும் உழவரை நம் ஊரில் காணாதார் யார்? அக்கரையானைத் தின்று வாழும் உயிர் இது. மருந்தும் கேட்பதில்லை, கூலியும் கேட்பதில்லை. அது தோண்டும் வளைகளால் காட்டு மண் கிளறப்பட்டுக் காற்றும் நீரும் உட்புகுகின்றன. அது விட்டுச் சென்ற வளையில் வேறு உயிர்கள் குடியேறுகின்றன. கற்பனை அக்ரான் மேல்மண்ணைச் சுமக்கிறது. உண்மை அழுங்கு மேல்மண்ணைப் புரட்டுகிறது. முன்னது ஓசையோடு செய்வதைப் பின்னது ஓசையின்றிச் செய்கிறது.

போக்கிமானை உருவாக்கியோரும் இதனை அறியாதவரல்லர். 1996இன் முதல் 151 உயிர்களுள் “சாண்ட்ஷ்ரூ” என்று ஒன்று உண்டு. செதிலுடம்பு, மண்ணில் வளை, பகை வந்தால் பந்தாகச் சுருளும். அழுங்கின் சாயல் அதில் தெளிவாகத் தெரிகிறது!

கைக்கு நில்லாத கவசம்

அழுங்கின் செதில் எதனால் ஆனது? கெரட்டின் என்னும் பொருளால். நம் நகமும் முடியும் அதே பொருள்தான். விளிம்பு கூரியது, இறுக்கிச் சுருண்டுவிட்டால் சிறுத்தையும் உருட்டிப் பார்த்துவிட்டுச் சலித்துப் போகும். ஒரு காலத்தில் நம் நாட்டில் அழுங்குச் செதில்களைக் கோத்து மனிதருக்கே கவசச் சட்டை செய்தனர். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குப் பரிசாகச் சென்ற அத்தகைய சட்டை ஒன்று இன்றும் லீட்ஸ் நகரத்து அரச ஆயுதக் காட்சியகத்தில் இருக்கிறது.

பல்லுக்கும் நகத்துக்கும் எதிராகப் பலன் தரும் இக்கவசம் ஒரே ஒரு பகைக்கு முன் பயனற்றுப் போகிறது. அது மனிதனின் கை. சுருண்ட அழுங்கு ஓடுவதில்லை, கடிப்பதில்லை. குனிந்து எடுத்துச் சாக்கில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்! கர்ணன் கதை நினைவுக்கு வருகிறதன்றோ?

செதிலில் மருந்து இருக்கிறது என்னும் நம்பிக்கையே இதற்குக் காரணம். நகத்தைப் பொடித்து உண்டால் நோய் தீருமா? தீராதென்றால் செதிலைப் பொடித்து உண்டாலும் தீராது. இருந்தும் உலகில் மிக அதிகமாகக் கடத்தப்படும் பாலூட்டிகளுள் ஒன்றாக அழுங்கு ஆகிவிட்டது. நம் நாட்டில் காணும் இனம் அழியும் ஆபத்தில் உள்ளதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்துள்ளது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கும் யானைக்கும் தரப்பட்ட முதல் அட்டவணையிலேயே அழுங்கும் இடம்பெற்றிருக்கிறது. அதனை வேட்டையாடினால் 3 ஆண்டுகளுக்குக் குறையாமல் 7 ஆண்டுகள் வரை சிறை. 2016இல் ஜொகன்னஸ்பர்க்கில் கூடிய உலக நாடுகள் எட்டு வகை அழுங்குகளின் பன்னாட்டு வணிகத்தையும் தடை செய்தன. 2020இல் சீனா தன் மருந்து நூலில் மூலப்பொருள் பட்டியலிலிருந்து அழுங்குச் செதிலை நீக்கியது.

இங்கே நாங்கள் சற்று நின்று, நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம். பெண் பிள்ளைகளுக்குச் சிறு வயது முதல் ஒரு பாடம் சொல்லித் தரப்படுகிறது: “எவன் எது சொன்னாலும் தலை குனிந்து வந்துவிடு. வாய் திறக்காதே. அதுதான் உனக்குக் காப்பு.” அடக்கம் நற்குணமே, அதனை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் சுருண்டுகொள்வது மட்டுமே காப்பாகுமா? சுருண்ட உயிரைக் கை நீட்டி எடுப்பது எளிது என்பதை அழுங்கு காட்டுகிறது. அழுங்குக்கு வாய்ச்சொல் இல்லை; நமக்கு இருக்கிறது. பேருந்திலோ தெருவிலோ உறவிலோ நேரும் துன்பத்தை அன்னையிடமோ ஆசிரியையிடமோ சொல்லுதல் அடக்கக் குறைவன்று. 1098 என்னும் குழந்தைகள் உதவி எண் நம் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் இருக்கட்டும். அழுங்கைச் சட்டமும் சுற்றத்தாரும் காக்க வேண்டியிருப்பது போலவே, பெண்ணையும் அவளுடைய மௌனம் காப்பதில்லை. சட்டமும், துணை நிற்கும் மனிதரும், அவளுடைய சொந்தக் குரலுமே காக்கும்.

மலையைத் தின்பவர் யார்?

மீண்டும் மலைக்கு வருவோம். 2019ஆம் ஆண்டு நவம்பர் 26 முதல் உளுந்தூர்பேட்டை புதிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. மாவட்டத்தின் மகுடம் கல்வராயன் மலை. அங்கே பிறக்கும் கோமுகி ஆறு கச்சிராயபாளையத்துக்கு அருகே அணையில் தங்கி, கீழிறங்கி மணிமுத்தாறோடு சேர்ந்து, வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. சமவெளியில் நாம் உண்ணும் சோற்றுக்கும் குடிக்கும் நீருக்கும் மலை எவ்வளவு கடன் கொடுத்திருக்கிறது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. அதனால் நாமும் திருப்பிக் கொடுப்பதில்லை.

இரும்புத் தாதுவுக்காக மலையைத் தின்னும் குட்டி அரானைப் பார்த்துச் சிரிக்கிறோம். அதையே மனிதர் செய்ததில்லையா? நம் ஆறுகள் கடலைத் தொடும் அதே பரங்கிப்பேட்டையில் 1830இல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் ஓர் இரும்பாலையைத் தொடங்கினார். தாது சேலத்து மலைகளிலிருந்து வந்தது; உலைக்கு வேண்டிய நெருப்போ மரக்கரியால் மூட்டப்பட்டது. இரும்பு ஒரு மடங்கு என்றால் கரி பல மடங்கு வேண்டும். கரிக்கு மரம் அதனினும் பல மடங்கு வேண்டும். அந்நூற்றாண்டு முடிவதற்குள் ஆலை மூடப்பட்டது. இரும்பு கப்பலேறிவிட்டது. காடு சாம்பலாகிவிட்டது. அரானுக்குப் பசி அடங்கிய பின் அது அக்ரானாகி மலையைத் திருத்துகிறது. மனிதனுக்கோ தின்பது மட்டுமே தெரிந்திருக்கிறது.

இன்றும் கோடையில் காட்டுக்குத் தீ வைப்போர் உளர். மரம் கடத்துவோர் உளர். அருவி பார்க்கச் சென்று பிளாஸ்டிக் பைகளைக் காணிக்கையாக வைத்துவிட்டுத் திரும்பும் நாமும் இருக்கிறோம்!

மறுப்பும் விடையும்

“மலைவாழ் மக்கள் வறுமையால் வேட்டையாடுகின்றனர், அவர்களைத் திருத்தினால் போதும்” என்று சிலர் கூறுவர். இது எளிதில் வாயில் வரும் சொல்; ஆதலால் எச்சரிக்கையோடு ஆராய வேண்டும். கல்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாய் வாழும் மலையாளி பழங்குடி மக்கள் சாமையும் தினையும் விதைத்து, கடுக்காயும் தேனும் சேர்த்து வாழ்ந்தவர்கள். அவர்கள் இருந்தவரை காடும் இருந்தது. செதிலுக்கு விலை வைத்தது மலையன்று, தொலைதூரச் சந்தை. பையில் போடும் கை ஏழையினுடையதாக இருக்கலாம். பணம் எண்ணும் கை வேறெங்கோ இருக்கிறது. சிறையில் இருப்பவர் யார், செல்வத்தில் இருப்பவர் யார் என்று கேட்காமல் சட்டம் பேசுவது பாதி நீதியே.

“பள்ளிப் பெண்கள் என்ன செய்துவிட முடியும்?” என்பது அடுத்த மறுப்பு. சிறு துரும்பும் பல் குத்த உதவும். எங்களால் இயன்றவற்றை வரிசைப்படுத்துகிறோம்.

முதலாவது, நம் பள்ளிக்கென ஓர் உயிரினக் குறிப்பேடு. விளையாட்டில் ஒவ்வோர் உயிருக்கும் எண்ணும் படமும் குறிப்பும் இருப்பது போல, கள்ளக்குறிச்சி மாவட்டத்து உயிர் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். அதன் பெயர், மலையில் வழங்கும் பெயர், உணவு, பகை, கண்ட இடம், கண்ட நாள். ஓவியம் வல்ல தோழியர் படம் வரையட்டும். முதல் பக்கம் அழுங்குக்கு; எண் 1!

இரண்டாவது, இக்குறிப்பேட்டுக்கு ஆசிரியைகளாக நம் விடுதியில் தங்கிப் படிக்கும் மலையூர்த் தோழியரே அமர வேண்டும். எந்தப் புற்றில் எது வரும், எந்தப் பறவை கத்தினால் மழை என்பதெல்லாம் அவர்தம் பாட்டன் பாட்டியரிடம் இருக்கும் கல்வி. பட்டணத்துப் பிள்ளைகள் சிரிப்பார்களோ என்று அஞ்சி அவர்கள் அதைச் சொல்லாமல் விடுகின்றனர். பேச்சு வழக்கைக் கேட்டுச் சிலர் சிரிப்பதும் உண்மையே. இச்சிரிப்பு ஒழிய வேண்டும். அது ஒழியாவிட்டால், அந்தப் பாட்டிமார் மறையும்போது ஒரு நூலகமே எரிந்துபோகும்; அதைத் திரும்ப அச்சிட எந்த அச்சகத்தாலும் இயலாது.

மூன்றாவது, விளையாட்டின் ஒரு விதியை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். “எல்லாவற்றையும் பிடி” என்பது அவர்கள் முழக்கம். திரையில் பிடித்த உயிர் சாவதில்லை. காட்டில் பிடித்த உயிர் பிழைப்பதில்லை. ஆகவே பெயரைச் சேர்ப்போம், உடலைச் சேர்க்க மாட்டோம் என்பது நம் விதியாகட்டும். அழுங்கின் செதிலைத் தாயத்தாகக் கட்டும் வீடு இருந்தால், அது நகம் என்று பணிவோடு எடுத்துச் சொல்வோம். அழுங்கைக் கண்டால் கூட்டம் கூட்டிப் படம் பிடித்து ஊரறியப் பரப்பாமல் வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவிப்போம். இடத்தை ஊருக்கெல்லாம் சொல்வது கடத்துவோருக்கும் சொல்வதாகும்.

நான்காவது, அக்ரான் வேலை. மழைக்காலத்துக்கு முன் விதை சேகரித்து, பள்ளித் தோட்டத்தில் பைகளில் கன்று வளர்ப்போம். புங்கன், நாவல், வேங்கை, கடுக்காய் என அம்மண்ணுக்குரிய மரங்களாகவே அவை இருக்கட்டும். வனத்துறையினர் சொல்லும் இடத்தில், மலையூர்ப் பெரியோர் ஒப்பும் இடத்தில் நடுவோம். நட்ட அன்று படம் எடுத்துக்கொள்வதோடு நில்லாமல், மூன்று கோடை தாண்டும் வரை எண்ணிப் பார்ப்போம். எத்தனை கன்று பிழைத்தது என்பதை ஆண்டுதோறும் இம்மலரில் வெளியிடுவோம். குறைந்தாலும் மறையாமல் வெளியிடுவோம்.

பெரியோர்க்கும் தோழியர்க்கும்

பெற்றோரே, பெரியோரே! விளையாடும் பிள்ளையின் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்குமுன் ஒருமுறை அருகில் அமர்ந்து, “இந்த விலங்கு என்ன செய்யும்?” என்று கேளுங்கள். அவன் சொல்லி முடித்ததும், “நம் மலையிலும் ஒன்று இருக்கிறது தெரியுமா?” என்று தொடங்குங்கள். பிடுங்கிய கையை வெறுக்கும் பிள்ளை, கதை சொல்லும் வாயை விடாது. அத்துடன், மகனுக்குச் சொல்லும் அக்கதையை மகளுக்கும் சொல்லுங்கள். காடும் மலையும் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தன்று.

தோழியரே! விளையாடுவது குற்றமன்று. விளையாட்டின் வீரனைப் போற்றுவதும் குற்றமன்று. போற்றுவது உண்மையானால் அவ்வீரன் செய்ததைச் செய்ய வேண்டும். அக்ரானின் கொம்பை அல்ல, அது சுமந்த மண்ணைக் கண்டு வியப்போம். குளம் தூர்ந்த பின் பூச்சிக்காக ஏங்கி ஒரு விளையாட்டைச் செய்தார் தாஜிரி. நமக்கு அந்த ஏக்கம் வருமுன், குளமும் மலையும் அழுங்கும் இன்னும் இருக்கின்றன. இரவு நாம் உறங்கும் நேரத்தில், மேற்கே அந்த இருளில், செதில் போர்த்த ஒரு தாய் தன் ஒற்றைக் குட்டியை வாலில் சுமந்து புற்றைத் தேடி நடந்துகொண்டிருக்கலாம். அவளைக் காக்க அவளுடைய கவசம் போதாது. நாமும் வேண்டும்.